பின்னால் நீண்ட கை

புவனாவுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. வேனில் அவளுக்கு வாய்த்தது கடைசி சீட்டு. தாராபுரம் ரோட்டிலிருந்த வேகத்தடைகள் அத்தனையும் அவள் முதுகுத்தண்டின் அடிக்கட்டையில்தான் ஏறி இறங்கின. விடிகாலை கன்னியாகுமரியில் இறங்கி ஒரு டீயும் ஆறிப்போன வடையும் தின்றதோடு சரி. இப்போது வெயில் ஏறிவிட்டது. படகுத்துறைக்குப் போகிற வரிசை மட்டும் நகரவில்லை. மில்லில் கோன் சுற்றுகிற மிசினுக்கு முன்னால் ஷிப்டு முழுக்க நின்று பழகிய கால்கள்தான். ஆனால் அங்கே அறுந்த நூலைத் தேடி இப்படியும் அப்படியும் நடந்துகொண்டாவது இருக்கலாம். இங்கே கம்பித் தடுப்புக்குள் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதைப்போல உடம்பைக் கொல்கிற வேலை வேறில்லை.

முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தவள் சுப்பாத்தாள். டிரைவர் நசுருதீன்தான் அவளை அங்கே உட்கார வைத்தான். "வளைவுல வாந்தி வருமுன்னு சொல்றாங்க, நம்ம வண்டி நாறிப்போகுமுங்க." அவனுக்கு அவன் சீட்டு உறைதான் கவலை. ஆனால் சுப்பாத்தாள் வழியில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை என்பதைப் புவனா கவனித்து வைத்திருந்தாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பஷீர் பாய். குனியமுத்தூரில் அவருக்கு மாடி வீடு கட்டியது புவனாவின் புருசன் தனபாலும் அவன் ஆட்களும். வேலை முடிந்தால் வீட்டுக்காரர் பிரியாணி போட்டு ஆம்பளைகளுக்குத் துண்டும் பொம்பளைகளுக்குச் சேலையும் கொடுப்பது வழக்கம். பஷீர் பாய்க்கு வேன் வாடகைக்கு விடுகிற தொழில். "துண்டு உங்க ஊட்ல பத்துக் கெடக்குமுங்க. வண்டியும் டீசலும் நான் தாரேன், குடும்பத்தோட ஒருக்கா எங்காச்சும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

குடும்பத்தோட என்ற சொல்லைத்தான் புவனா பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பழனியைத் தாண்டி அவனோடு எங்கும் போனதில்லை. மகள் ஷ்ரவ்யாவைப் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று அம்மா வீட்டில் விட்டாள், மில்லில் லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள், காந்திபுரத்துக்குப் போய் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலையும் எடுத்தாள். வேன் வாசலுக்கு வந்தபோது முன்கண்ணாடிக்குப் பின்னால் சுப்பாத்தாளின் முகம் தெரிந்தது.

சுப்பாத்தாள் தனபாலிடம் சித்தாள். அவன் கொத்தனாராகக் கரண்டி பிடித்த நாளிலிருந்து அவனுக்குச் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுப்பவள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். புருசன் எப்போதோ திருப்பூருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வெயிலில் காய்ந்த முகம், முன்பல் ஒன்று இல்லை. வருசக்கணக்காகச் சட்டி சுமந்து உச்சந்தலையில் ஒரு கை அகலத்துக்கு முடி தேய்ந்து மொட்டையாகியிருந்தது. தனபால் அவளை அக்கா என்று கூப்பிடுவான். இவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக வெளியே சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். புவனா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வரிசையில் தனபால் முன்னால் நின்றான். கம்பியில் முழங்கையை ஊன்றிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அது எதற்கென்று புவனாவுக்குப் பிடிபடுவதற்குள் சுப்பாத்தாள் மஞ்சப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அந்தக் கையில் வைத்தாள். அவன் குடித்தான். கை மறுபடி பின்னால் வந்தது. அவள் பாட்டிலை வாங்கி மூடினாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

புவனா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற ராமாமணி அதைப் பார்த்துவிட்டாள். இன்னொரு கொத்தனாரின் மனைவி. அவள் கண்ணில் பட்டது வாயில் வராமல் போகாது. "ஏன் புவனா, உங்கூட்டுக்காரருக்கு மூணு கையா?"

"எதுக்கு?"

"ரெண்டு ஒடம்புல இருக்குது. ஒன்னு மஞ்சப்பையத் தூக்கிட்டுப் பின்னால வருது."

"வேலை செய்யற எடத்துப் பழக்கம்" என்றாள் புவனா.

"பழக்கந்தான். நான் தப்பாவா சொன்னேன்." ராமாமணி பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டாள். "என்ற ஊட்டுக்காரருக்கு நாலு தடவை கத்துனாத்தான் காதே கேக்குது. உங்களுக்குப் பரவால்ல, பேச்சே வேண்டீதில்ல."

பேச்சே வேண்டியதில்லை என்பதுதான் புவனாவை அறுத்தது. வீட்டில் தனபால் வாய் திறந்து கேட்பான். புவனா தண்ணி, புவனா சட்டை, புவனா சார்ஜர் எங்க. கேட்டால் கொண்டுவந்து கொடுப்பாள். கேட்காமல் அவன் கை நீண்டதில்லை. நீண்டிருந்தாலும் அதில் எதை வைப்பதென்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

கல்யாணமான புதிதில் அவளே அவனுக்குச் சித்தாளாகப் போகிறேன் என்று கேட்டாள். ரெண்டு கூலி வருமே என்று கணக்குச் சொன்னாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. புருசனும் பொண்டாட்டியும் ஒரே சாரத்தில் நிற்கக் கூடாது என்பது அவர்கள் ஆட்களுக்குள் ஒரு சட்டம். கட்டின கயிறு அவிழ்ந்தாலோ மூங்கில் முறிந்தாலோ இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள், பிள்ளை தெருவில் நிற்கும். அப்படி ஒரு குடும்பம் போனதைப் பார்த்த பிறகு போட்ட சட்டம். நியாயமான சட்டம்தான். புவனா மில்லுக்குப் போனாள். அந்தச் சட்டத்தின்படி, பகல் முழுக்க அவன் கையை வேறொருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. கடலுக்கு நடுவில் இரண்டு பாறை. ஒன்றில் விவேகானந்தர் மண்டபம். பக்கத்துப் பாறையில் வள்ளுவர் கல்லாக எழுந்து நின்றார். இரண்டையும் சேர்த்து இப்போது கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள். சுப்பாத்தாள் முந்தானையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு சிலையையே பார்த்தாள்.

"அம்மணி, அந்தக் காலடி வரைக்கும் உள்ளயே படி இருக்குதாமே. உட்டர்றாங்களா?"

"விடுவாங்களாமுங்க" என்றாள் புவனா.

"அதுல ஏறோணும்." சுப்பாத்தாள் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். "எத்தனை மாடி ஏறியிருப்பேன். ஒருக்காக்கூடச் சும்மா ஏறுனதில்ல. தலைல சாந்து, இல்லாட்டிக் கல்லு, இல்லாட்டி ஜல்லி. கட்டி முடிச்சா நம்மள அந்தப் படியில யாரு ஏறச் சொல்றா. தலைல சட்டி இல்லாம மேல ஏறி நின்னு, கையக் கட்டிக்கிட்டுக் கீழ பாக்கோணும். அதுக்குத்தேன் வந்தேன். சாமிகீமி எல்லாம் எனக்கு வேண்டீதில்ல."

"ஏறலாங்க்கா" என்றான் தனபால், திரும்பாமலே. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். புவனா பேசினால் காதில் விழாத ஆள்.

படகில் ஏறும்போது ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். தனபாலுக்கு வந்ததில் கொக்கி உடைந்திருந்தது. "மாத்திக் குடுங்க" என்று புவனா சொல்வதற்குள் சுப்பாத்தாள் இரண்டு வாரையும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். சாரத்தில் மூங்கிலுக்கு மூங்கில் போடுகிற முடிச்சு. போட்டதும் இறுகி நின்றது. தனபால் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையைத் தூக்கி நின்றான், அவள் போட்டாள், கையை இறக்கினான்.

புவனா தன் சட்டையின் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டாள்.

படகு அலையில் ஏறி இறங்கியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் தண்ணீர் வாரி அடித்தது. சுப்பாத்தாள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். கணைக்காலில் எலும்பை ஒட்டி வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது. விரல் நீளம். புவனா அதைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள்.

பாறையில் இறங்கியதும் மிதவைச் சட்டையைத் திருப்பித் தர வேண்டும். தனபாலின் முடிச்சை அவிழ்க்கப் புவனா போனாள். நகத்தை நுழைத்தாள், பல்லைக் கடித்தாள், ஆகவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். படகுக்காரர், "சீக்கிரமுங்க, அடுத்த டிரிப்பு நிக்குது" என்றார். சுப்பாத்தாள் ஒற்றை விரலால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு கழன்று இரண்டு வாரும் தொங்கின.

"அதுக்கு ஒரு காது இருக்குது அம்மணி, அதப் பாத்து இழுக்கோணும்" என்றாள்.

ராமாமணி சிரித்தாள். தனபாலும் சிரித்தான். புவனாவின் நகக்கண்ணில் ரத்தம் கசிந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

செருப்பை விட்டுவிட்டு மண்டபங்களைப் பார்த்தார்கள். கல் தரை அடுப்பாகக் காய்ந்திருந்தது. கடைசியாகத் தியான மண்டபம். வெளிச்சம் அதிகமில்லை, குளிர்ச்சியாக இருந்தது, பேசக் கூடாது என்றார்கள். ஜனங்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். தனபாலுக்கும் மற்ற ஆட்களுக்கும் அது ஒத்துவரவில்லை. உட்கார்ந்த சூட்டோடு எழுந்து காற்றாட வெளியே போனார்கள். இடுப்பு வலி குறையட்டும் என்று புவனா கொஞ்ச நேரம் இருந்தாள். எழுந்து வரும்போதுதான் பின்சுவரோரம் பார்த்தாள்.

சுப்பாத்தாள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கூலி வேலைக்காரிக்குப் பகலில், நிழலில், யாரும் விரட்டாத இடத்தில் உட்காரக் கிடைத்தால் உடம்பு வேறென்ன செய்யும். புவனாவுக்கு அது தெரியும். மில்லில் சாப்பாட்டு நேரத்தில் அவளும் இப்படித்தான் விழுவாள். எழுப்பலாம் என்று குனிந்து தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

அப்போது மடியைப் பார்த்தாள். மஞ்சப்பைக்கு மேல் தனபாலின் துண்டு. நான்காக மடித்து, அதன்மேல் சுப்பாத்தாளின் கை இருந்தது. ஓரத்தில் பச்சைக்கரை போட்ட துண்டு. ஞாயிற்றுக்கிழமை புவனா சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்தது.

தோளுக்குப் போன கை துண்டுக்குப் போனது. மெதுவாக உருவி எடுத்தாள். சுப்பாத்தாள் அசையவில்லை. புவனா துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

எல்லாரும் பாலத்துக்குப் போகிற வழியில் நின்றார்கள். தனபால் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா எங்க?" என்றான்.

"அவங்க அப்பவே பாலத்துல போய்ட்டாங்க." வாயிலிருந்து அது எத்தனை சுலபமாக வந்தது என்று புவனாவுக்கே வியப்பாக இருந்தது.

"நம்மள உட்டுப்போட்டா?"

"ஏறோணும் ஏறோணும்னு நின்னாங்களே."

அவன் நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணமில்லை.

கண்ணாடிப் பாலத்தின் நடுவில் காலுக்கடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது தெரிந்தது. புவனா கீழே பார்க்காமல் நடந்தாள். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன்னால் போன தனபால் நின்றான். முகத்தைக் காற்றுக்குக் காட்டியபடி, திரும்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டினான்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பயந்து வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கம்பியை விட்டுவிட்டுத் தன் கையை அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

தனபால் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன?"

"கைய நீட்டுனீங்க."

"துண்டுக்கு. வேர்வை கண்ணுல எறங்குது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து துண்டை உருவிக் கொடுத்தாள். அவன் முகத்தைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தான். பிறகு, "துண்டு அக்காட்டத்தான இருந்துச்சு?" என்றான்.

"போறப்பக் குடுத்துட்டுப் போனாங்க."

"ம்" என்று நடந்தான். பின்னால் வந்த ராமாமணியின் வாய் நல்லவேளையாகத் தன் புருசனைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தது.

வள்ளுவர் சிலைக்குள் படி ஏறினார்கள். புவனா வெறுங்கையோடு ஏறினாள். அவள் தலையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அது அவளுக்கு நினைவு வந்தது, தள்ளிவிட்டு ஏறினாள். மேலே காலடிக்கு வந்தபோது காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. வள்ளுவரின் கால் நகம் ஒன்று புவனாவின் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. கீழே கடல் மூன்று பக்கமும் விரிந்து கிடந்தது. அவனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில். காந்திபுரத்தில் கத்தரிப்பூச் சேலை எடுத்தபோது அவள் நினைத்துப் பார்த்தது இந்த இடத்தைத்தான்.

தனபால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த ஒட்டைக் கட்டைவிரலால் தடவினான். "நூல் நுழையாது பாரு. அக்கா பாத்தா வாயத் தெறந்துரும்." பிறகு சுற்றிலும் பார்த்தான். "ஆனா ஆளக் காணமே. இங்கயும் இல்ல. எங்க போச்சு?"

"இங்கதான் எங்காச்சும் இருப்பாங்க. ஒரு போட்டோ எடுக்கலாங்களா?"

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். படத்தில் புவனா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். தனபால் ஓரமாகப் படிக்கட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் மைக்கில் கூப்பிட்டார்கள். காற்று கூடிவிட்டது, கடல் சரியில்லை, படகு நிறுத்தப் போகிறோம், எல்லாரும் உடனே படகுத்துறைக்கு வரவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஜனம் மொத்தமாக இறங்கிப் பாலத்தில் நெருக்கியடித்தது.

அந்தப் பக்கம் பாலத்தின் வாயில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் சுப்பாத்தாள் நின்றாள். காவலுக்கு நின்றவர், "சொன்னா கேளுங்கம்மா, இனி யாரும் போகக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மஞ்சப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, எட்டி எட்டிச் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனபால் வந்த வேகத்தில் சத்தம் போட்டான். "ஏனுங்க்கா, முன்னால போறவங்க சொல்லிப்போட்டுப் போறதில்லையா? அங்க மூலைமூலையாத் தேடறோம். நீங்க இங்க நிக்கறீங்க?"

"முன்னாலயா?" என்றாள் சுப்பாத்தாள்.

"இவதான் சொன்னா, நீங்க பாலத்துல போய்ட்டீங்கன்னு."

சுப்பாத்தாள் அவன் கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு புவனாவைப் பார்த்தாள். புவனாவின் காதுக்குள் கடல் இரைந்தது. இப்போது ஒரு வார்த்தை வந்தால் போதும், ஊருக்குப் போகிற வழியெல்லாம் ராமாமணி அதையே மென்று துப்புவாள். தனபால் கேட்பான். அவன் கேட்கும் முகத்தை அவளால் பார்க்க முடியாது.

"போனேனுங்க தம்பி" என்றாள் சுப்பாத்தாள். "பாதி போனதும் கீழ தண்ணியப் பாத்துட்டேன். தலை சுத்திருச்சு. திரும்பி வந்து உக்காந்துபோட்டேன்."

தனபால் அவளை நம்பமுடியாமல் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "மூணாவது மாடிச் சாரத்துல பலகை இல்லாம ஒத்த மூங்கில்ல நடக்கற ஆளு. உங்களுக்குத் தலை சுத்துச்சா?"

"அது மூங்கிலு. இது கண்ணாடியாச்சே" என்றான் ஒருத்தன்.

"பயப்படாம நடந்து வந்தேன் நானே. இவிய என்னடான்னா இந்தப் பயம் பயந்துக்கறாங்க" என்றாள் ராமாமணி. "இனிமே மேல ஏத்தாதீங்க தனபாலண்ணா, கண்ணாடியக் கண்டா உழுந்துருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சுப்பாத்தாளும் பல்லில்லாத இடம் தெரியச் சிரித்தாள். சாரத்தில் பயமில்லாமல் நடக்கிறவள் என்ற ஒரு பேர்தான் அவளுக்கு வேலையிடத்தில் இருந்த சொத்து. அதை அவள் அந்தப் பாறையில் வைத்துவிட்டுப் படகேறினாள்.

கரையில் இறங்கிக் கால் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். ஆம்பளைகள் டீக்கடைக்கு நடந்தார்கள். ராமாமணி பாசிமாலைக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். குழாயடியில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

"அக்கா" என்றாள் புவனா.

சுப்பாத்தாள் குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தேய்த்தாள். "துண்ட உருவறப்பவே முழிப்புத் தட்டிருச்சு கண்ணு. நீ நிக்கறது தெரிஞ்சுது. எழுப்புவீன்னு கண்ண மூடிட்டே கெடந்தேன். எழுப்பற வரைக்கும் படுத்திருக்கலாம்னு ஒரு ஆசை. அப்பறம் நெசமாவே தூங்கிப்போட்டேன்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. புவனா குழாயை மூட மறந்து நின்றாள்.

"எதுக்கு அம்மணி?" என்றாள் சுப்பாத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் போதும் என்பதுபோல் கேட்டாள்.

"அவரு கைய நீட்டறாரு. நீங்க வெக்கறீங்க." சொல்லும்போதே அது எத்தனை அற்பமாக இருக்கிறது என்று புவனாவுக்குத் தெரிந்தது. "எனக்கு அது தெரியறதில்ல. எப்படித் தெரியுது உங்களுக்கு?"

சுப்பாத்தாள் சேலையைத் தூக்கி கணைக்காலைக் காட்டினாள். படகில் பார்த்த தழும்பு.

"வேலைக்கு வந்த புதுசு. வெள்ளலூருல ஒரு மில்லுக்காரர் ஊடு. உன்ற ஊட்டுக்காரரு கைய நீட்டுனாரு, நான் வேடிக்கை பாத்துட்டு நின்னுட்டேன். சாந்து காஞ்சு போச்சு. கரண்டிய விட்டெறிஞ்சாரு. எலும்பு தெரிஞ்சுது. அவரும் அப்பச் சின்னப் பையன், அப்பறம் அழுதாரு, அது வேற. நான் அன்னைக்கிருந்து அந்தக் கைய உட்டுக் கண்ண எடுக்கறதில்ல. கரண்டிக்கு நீட்டுனா வெரல் சேந்திருக்கும். சட்டிக்கு நீட்டுனா விரிஞ்சிருக்கும். தண்ணிக்குன்னா கொஞ்சம் தணிஞ்சு வரும். பயத்துல படிச்ச படிப்பு கண்ணு. இதுல போய் என்ன இருக்குதுன்னு நீ..." அவள் முடிக்காமல் சேலையை இறக்கினாள். "பாத்துப் பாத்துக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ராத்திரிக்குத் திரும்பிப் படுக்க முடியறதில்ல."

புவனாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு வந்தது வேறு. அவன் எறிந்த கரண்டியின் தழும்பும் இவள் காலில்தான் இருக்கிறது, அவன் அழுததையும் இவள்தான் பார்த்திருக்கிறாள் என்று வந்தது. தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"மறுக்காக் கூட்டிட்டு வாரேங்க்கா" என்றாள். "நாம ரெண்டு பேரும் வரலாம். பஸ்சுல."

"பாக்கலாம்" என்றாள் சுப்பாத்தாள். "கொழாய மூடு, தண்ணி போகுது."

வேனில் ஏறும்போது புவனா நசுருதீனிடம் தன் கடைசி சீட்டிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். திண்டுக்கல் வரும் வரை தனபாலின் ஆட்கள் கண்ணாடிப் பாலத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டிலிருந்து சுப்பாத்தாளும் பதிலுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். புவனா ஜன்னலில் தலையை முட்டுக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஏனுங்க, அவங்க பாலத்துல ஏறவே இல்ல, நான்தான் பொய் சொன்னேன் என்று வாய்க்குள்ளேயே பல தடவை சொல்லிப் பார்த்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் அது உடைந்து போனது.

திங்கட்கிழமை அவளுக்கு மில்லில் இரண்டாவது ஷிப்டு. தனபால் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தான். டவுன் பஸ் பிடித்து காந்திபுரத்துக்குக் கொண்டுபோனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடி எடுக்கிற வேலை. ரோட்டிலிருந்தே சாரம் தெரிந்தது. கீழே சாந்து கலக்கிக்கொண்டிருந்த பையன்கள் மேலே பார்த்துக் கத்தினார்கள்.

"கண்ணாடியக்கா, பாத்துங்க. தலைகிலை சுத்தப்போகுது."

"உன்ற வாயிலதான் உழுவேன், தெறந்தே வெச்சிரு" என்றது மேலிருந்து சுப்பாத்தாளின் குரல்.

பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தால் இந்தத் தொழிலில் சாகும்வரை போகாது. புவனா டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். இப்போதும் சொல்லலாம். பையன்கள் கேட்கச் சத்தமாகச் சொல்லலாம். சுப்பாத்தாள் கீழே வந்து சும்மாட்டைச் சுற்றி உச்சந்தலையின் மொட்டையில் வைத்தாள். ஒருத்தன் சாந்துச் சட்டியைத் தூக்கி வைத்தான். அவள் கழுத்து ஒரு பக்கம் இழுத்து நிமிர்ந்தது. புவனாவைப் பார்த்து, "சாப்பாடா அம்மணி? அங்க வெச்சிரு, நான் குடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள்.

மேலே, சாரத்தில், தனபால் சுவரைப் பார்த்துக்கொண்டே இடது கையைப் பின்னால் நீட்டினான். விரல்கள் விரிந்திருந்தன. சட்டிக்கு. புவனாவுக்கு இப்போது அது தெரிந்தது. தெரிந்தும் அவள் கீழேதான் நின்றாள். அந்தக் கைக்குச் சட்டி போய்ச் சேர்ந்தபோது அதே பொறாமை. போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

டிபன் கேரியரை மணல் மூட்டைமேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கன்னியாகுமரிப் பக்கம் போகிற நாகர்கோவில் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஊர்ப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நின்று பார்த்துவிட்டு மில்லுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாள். சுப்பாத்தாளுக்கு அவள் தர வேண்டியது அப்படியே பாக்கி நின்றது: தலையில் சட்டி இல்லாமல் ஓர் ஏற்றம்.